ஏழாவது பிளாட்பாரத்துக்கு வந்த வலைத்தளங்கள்

சத்தியம், இன்னொரு தரம் சத்தியம், மூணாவது தரமும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இப்போது வாயில் இருக்கிற இந்தக் கட்டுப்பல் செட்டு அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிடட்டும். கற்பூரம் வேண்டுமானால் கொளுத்துங்கள், முட்டிவலியோடு தாண்டிக் காட்டுகிறேன். நடந்ததை நடந்தபடிக்குத்தான் சொல்லப்போகிறேன். எங்காவது கொஞ்சம் கூட்டியிருந்தால் அது கேட்கிறவர்களுக்குச் செய்கிற மரியாதை, அதைப் பொய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நாவல்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏழு பிளாட்பாரம் உண்டு, ஆனால் பஸ் வருவது ஆறுக்குத்தான். ஏழாவதைக் கட்டி, வெள்ளையடித்து, ரிப்பன் வெட்டி, பூசணிக்காய் உடைத்து, பாயசம் வரைக்கும் கொடுத்துவிட்டு அங்கே எந்த ஊர் பஸ் நிற்கவேண்டும் என்று எழுதுவதற்கு மட்டும் மேலிடத்துக்கு மறந்துபோயிற்று. ஆகவே ஒன்பது வருஷமாக அங்கே ஆடுகள் நின்றன, அவையும் வரிசையாகத்தான் நின்றன.

அந்த பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர் மாசானமுத்து. கம்பி போட்ட கூண்டு மாதிரி ஒரு அறை, அதற்குள் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரெஜிஸ்டர், ஒரு விசில், நடுவில் அவர். வருகிற பஸ்ஸுக்கெல்லாம் வந்த நேரம் எழுதுவார், போகிற பஸ்ஸுக்கெல்லாம் போன நேரம் எழுதி விசில் அடிப்பார், ஷிப்ட் முடிந்ததும் பக்கத்தின் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகச் சிவப்பு மையில் கோடு போட்டு 'எல்லாம் போயாச்சு' என்று கையெழுத்துப் போடுவார். இருபத்தேழு வருஷத்தில் ஒரு எழுத்தைக்கூட அடித்துத் திருத்தியது கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இருபத்தேழு வருஷத்தில் மனிதர் அங்கிருந்து ஒரு பஸ்ஸிலும் ஏறியது கிடையாது. வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாப்பாடு பஸ் ஸ்டாண்டுக்குள். எல்லா ஊரும் அவரைத் தேடி வந்தன, அவர் எந்த ஊருக்கும் போனதில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஃபீட் ரீடர் என்ற சமாச்சாரம் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்? பிடித்த வலைத்தளங்களின் விலாசத்தை அதில் ஒரு தரம் கொடுத்துவிட்டால் போதும், தினமும் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கதவைத் தட்டி 'புதுசா ஏதும் எழுதினீங்களா' என்று கேட்டு அலையவேண்டாம். எங்கே எவர் புதிதாக எழுதினாலும் அது தானாக வந்து ஒரே இடத்தில் வரிசையில் நிற்கும், வாசித்து அனுப்பினால் போகும், வாசிக்காவிட்டால் காத்திருக்கும். "இது நம்ம பஸ் ஸ்டாண்டுல்லா!" என்று மாசானமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக முப்பத்தோரு தளங்களைச் சேர்த்தார். வந்ததைப் பதியாவிட்டால் அவருக்குக் கை நமைக்கும் என்பதால் ஒரு புது ரெஜிஸ்டர் வாங்கி, தளத்தின் பெயர், வந்த நேரம், போன நேரம் என்று கட்டம் போட்டு, எந்த பிளாட்பாரம் என்ற இடத்தில், சும்மாதானே கிடக்கிறது என்று ஏழு என்று எழுதினார். அவர் செய்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

அந்த முப்பத்தொன்றில் ஒரு தளம் நாலு வருஷமாக ஊமை. அதன் பெயர் 'அட்டைக்கடி'. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் இசக்கிக்கனி என்பவள் எழுதியது. அவள் மாசானமுத்துவின் கூடப்பிறந்த தங்கச்சி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கனிக்குத் திருநெல்வேலியில் நேர்முகத் தேர்வு, எட்டரை மணிக்குள் போயாகவேண்டும், ஆறு பத்து பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓடி வருவதை அண்ணன் கூண்டுக்குள்ளிருந்து பார்த்தார். மணி ஆறு பத்து. "அண்ணே, ரெண்டு நிமிசம், ரெண்டே நிமிசம்!" என்று கத்தினாள். நேரம் என்றால் நேரம், தங்கச்சி என்றால் மட்டும் கடிகாரம் நின்றுவிடுமா என்று அவர் விசிலை ஊதிவிட்டார். பஸ் போயிற்று, வேலையும் போயிற்று. மறுநாள் வேறு பஸ் பிடித்து மலையேறினவள் அதற்குப் பிறகு நாவல்குறிச்சி மண்ணை மிதிக்கவில்லை.

பிற்பாடு ஒரு கண்டக்டரின் கெண்டைக்காலில் அட்டை கடித்து, அதற்கு வைத்தியம் தேடப்போன இடத்தில்தான் மாசானமுத்து 'அட்டைக்கடி'யைக் கண்டுபிடித்தார். பெயர் போட்டிருக்கவில்லை, ஆனால் 'எனக்கு பஸ்ஸை நம்பிப் பழக்கமில்லை, டைம் கீப்பர்களை நம்பி அறவே பழக்கமில்லை, நடந்தே போவேன்' என்ற வரியைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. ஆறு வருஷம் அவள் எழுதினாள், ஒன்று விடாமல் வாசித்தார். வாசித்ததாக ஒரு வரி எழுதினாரா என்றால் இல்லை. எழுத உட்காருவார், 'அன்புள்ள கனி' வரைக்கும் வரும், அதற்குள் கடையநல்லூர் பஸ் வந்துவிடும். பிறகு ஒருநாள் அவள் எழுதுவதை நிறுத்தினாள். அவர் மட்டும் அந்தப் பெயரை ரெஜிஸ்டரில் தினமும் எழுதி, வந்த நேரம் என்ற கட்டத்தை வெறுமனே விட்டுவைத்தார்.

இப்படி இருக்கையில் ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, ஏழாவது பிளாட்பாரத்தில் ஆடுகள் ஒதுங்கி வழிவிட, நெற்றிப் பலகையில் 'மழைமானி' என்று எழுதிய நீல நிற பஸ் ஒன்று வந்து நின்றது. செங்கல்பட்டில் மொட்டைமாடியில் உட்கார்ந்து மேகம் பார்த்து எழுதுகிற தளம் அது. பஸ்ஸிலிருந்து லுங்கி பனியனோடு ஒரு மனிதர் பாதி இட்லியைக் கையில் பிடித்தபடி இறங்கி, கூண்டின் முன்னால் நின்று, "இன்று தென்மாவட்டங்களில் பிற்பகலில் இடியுடன் மழை" என்று தொடங்கி அன்றைய பதிவை முழுக்க வாசித்தார். மாசானமுத்து கேட்டு முடித்து, போன நேரம் ஏழு பன்னிரண்டு என்று எழுதினார். மனிதர் மிச்ச இட்லியை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். டிரைவர் சீட்டில் யார் இருந்தது என்று ஊரில் எவரைக் கேட்டாலும், "பஸ் வந்துச்சா இல்லையா? பெறகு என்ன?" என்பார்கள்.

டீக்கடை லூர்தம்மாள் மட்டும் கூண்டுப் பக்கம் வந்து, "அண்ணாச்சி, ஏழாவதுக்கு ரூட்டு விட்டுட்டாங்க போலிருக்கே, நல்லதாப் போச்சு. நான் கடையை ரெண்டடி இந்தப் பக்கம் நகத்திக்கிடுதேன்" என்றாள். பத்து மணிக்குள் நகர்த்தியும்விட்டாள். பிற்பகலில் இடியோடு மழை பெய்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. டொரன்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருத்தியின் சமையல் தளம் கூரை நிறையப் பனிக்கட்டியோடு வந்து நிற்க, சர்பத் கடைக்காரர்கள் குண்டானோடு ஏறி அதை வழித்துப் போனார்கள், அந்த அம்மாள் கம்பளிக்கோட்டோடு இறங்கி, "தேங்காய்ப்பால் சொதியை அடுப்பால இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப்புளி விடவேணும்" என்று எலுமிச்சைச்சாறு சேர்க்கிற பக்குவத்தை வாசித்த மாத்திரத்தில் லூர்தம்மாள் கரண்டியோடு வந்து, "சொதிங்கது எங்க ஊரு சாமானுல்லா! கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைக்காத வீடு இங்க உண்டா? இஞ்சிச் சாறு எங்கம்மா?" என்று மல்லுக்கு நிற்க, அன்றைக்கு அந்த பஸ் மூன்று மணி நேரம் தாமதமாகப் போயிற்று, இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுதான் பிரிந்தார்கள். நார்வே தேசத்திலிருந்து பழைய ரயில் பாதைகளைப் பற்றி எழுதும் ஆறரையடி மனிதர் ஒருவர் வந்து நாற்பது நிமிஷம் தன் பாஷையில் வாசித்தார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடைசியில் அவர் குரல் தழுதழுத்தபோது பூக்கட்டுகிற பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நல்ல மனுசன், பாவம், எந்த ஸ்டேசனையோ மூடிட்டான் போலிருக்கு" என்றாள் லூர்தம்மாள்.

ஊர் சும்மா இருக்குமா? சுமைதூக்குகிறவர்கள் ஒரு குஸ்தித் தளத்தைச் சேர்க்கச் சொன்னார்கள், பூக்காரிகள் ஒரு தொடர்கதையை, பள்ளி வாத்தியார் நட்சத்திரம் பார்க்கிற ஒரு பெண்ணின் தளத்தை. பட்டியல் நாற்பத்திரண்டு ஆயிற்று. தொல்லைகளும் வந்தன. செய்திக் கம்பெனி ஒன்று பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் அனுப்பி வாசலை அடைத்தது. சில தளத்துக்காரர்கள் பாதி வாசித்துவிட்டு, சரியாகக் கதை சூடுபிடிக்கிற இடத்தில், "மீதியை வாசிக்க எங்கள் இடத்துக்கே வரவும்" என்று பஸ் ஏறப் பார்ப்பார்கள். ஜனங்கள் டயருக்குக் கல் வைத்து, மீதியைக் கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள். கவிஞர் தென்றல்தாசன் என்பவர் நாளைக்குப் பதினான்கு கவிதை எழுதுகிறவர், பதினான்கு தரம் வந்தார். கடைசியில் ஊரார் மனு எழுதிக் கொடுக்க, மாசானமுத்து கனத்த மனசோடு அவர் பெயரை அடுத்த நாள் பட்டியலில் எழுதாமல் விட்டார். மறுநாள் கவிஞர் டிக்கெட் எடுத்து சாதா பஸ்ஸில் வந்து இறங்கினார்.

இந்தக் குதூகலத்துக்கு நடுவே மாசானமுத்துவின் கண் ஒரே ஒரு வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பத்தோரு பஸ் வந்தாயிற்று, நாற்பத்திரண்டாவது வரவில்லை. "எழுதாத தளத்தை எதுக்கு அண்ணாச்சி தினமும் எழுதுதீங்க, மை வீணு" என்பான் மைதீன்பிச்சை. அவன் அடுத்த ஷிப்ட் டைம் கீப்பர், மாசானமுத்துவே ஆறு வருஷமாகத் தட்டித் தட்டிப் பழக்கியவன்.

"அது நிக்கவேண்டிய பஸ்ஸுடே" என்பார் அவர். "வரும்."

அந்த நேரம் பார்த்து அவர் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. அடுத்த தெருக் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், மூன்று நாள் படுக்கை. "மைதீனு, ஏழாவதுல வாரது எதையும் அனுப்பாத. நான் வந்து கேக்குத வரைக்கும் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நின்றன. முதல் நாள் எட்டு, இரண்டாம் நாள் இருபத்தொன்று, மூன்றாம் நாள் விடியும்போது இருபத்தெட்டு பஸ், ஏழாவது பிளாட்பாரம் வழிந்து, மெயின் ரோடு வழிந்து, வாழைத்தார் லாரிகள் சந்தைக்குப் போக வழியில்லாமல் ஹாரனைப் பிடித்து அழுத்த, நார்வேக்காரர் குழாயடியில் குளிக்க, டொரன்டோ அம்மாள் லூர்தம்மாள் கடையில் சட்னி அரைக்க, மழைமானிக்காரர் தன் மழையைப் பழைய மழையாக்கிவிட்டார்களே என்று புலம்ப, மைதீனுக்குத் தலை சுற்றியது. ஆறு பத்துக்கு இருபத்தொன்பதாவதும் வந்து நின்றபோது அவன் பெயரைக்கூட நிதானித்து வாசிக்கவில்லை, பலகையில் இருந்ததை அப்படியே பதிந்தான். பிறகு லாரிக்காரர்கள் கூண்டுக் கம்பியைப் பிடித்து உலுக்க ஆரம்பித்ததும், ஒரு டைம் கீப்பர் முட்டுச்சந்தில் மாட்டினால் என்ன செய்வானோ அதைச் செய்தான். சிவப்புப் பேனாவை எடுத்தான், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, 'எல்லாம் போயாச்சு'. விசில்.

இருபத்தொன்பது பஸ்ஸும் வாசிக்காததை வாயில் வைத்துக்கொண்டே போய்விட்டன.

பத்து நிமிஷம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார் மாசானமுத்து, கறுப்புக் கண்ணாடியும் எட்டு முழ வேட்டியுமாக. ஏழாவது பிளாட்பாரத்தில் ஆடுகள் திரும்ப நின்றன. ரெஜிஸ்டரை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிவப்புக் கோட்டின் அடியில், கடைசி வரியில், மைதீனின் கோழிக்கிறுக்கல்: அட்டைக்கடி, வந்த நேரம் 6.10.

"ஏல மைதீனு..." என்றார்.

லூர்தம்மாள்தான் ஓடி வந்தாள். "கண்ணாடி போட்ட பொம்பளை அண்ணாச்சி. கையில குடை. பஸ்ஸைச் சுத்தி ஒரே மூடுபனி, டயர்லெல்லாம் அட்டை ஊருது. எங்கிட்டதான் டீ வாங்கினா. 'இங்க டைம் கீப்பர் யாரு'ன்னு கேட்டா. 'கண்ணுல ஆப்பரேசன், இப்ப வந்துருவாரு'ன்னேன். ஒரு வாய் குடிச்சா, அதுக்குள்ள இவன் விசில் ஊதிட்டான். தம்ளரை வச்சுட்டு ஓடுனா பாருங்க, ஏ யப்பா, பழக்கப்பட்ட கால் மாதிரி ஒரு ஓட்டம்! ஏறிட்டா."

மர பெஞ்சில் முக்கால் தம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது.

நாலு வருஷம் காத்திருந்த பஸ், பத்து நிமிஷம் நின்று, தான் கற்றுக்கொடுத்த கோட்டால், தான் கற்றுக்கொடுத்த விசிலால் போய்விட்டது. இனி எழுதாதவள் எழுதுவாளா? மாசானமுத்து தம்ளரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு இருபத்தேழு வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். வேட்டி நுனியை அந்த டீயில் முக்கி, சிவப்புக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி! ரெஜிஸ்டர்! ரெஜிஸ்டர அழிக்கப்பிடாதுன்னு நீங்கதானே..." மைதீன் அலறினான்.

"பேசாத. தம்ளரப் பிடி."

தேய்த்தார், தேய்த்தார், கோடு ரோஜாப்பூ நிறமாகி, பிறகு டீ நிறமாகி, பிறகு காகிதத்தோடு காகிதமாகிப் போயிற்று. தெற்கே ரோட்டுத் திருப்பத்தில் ஒரு ஹாரன் கேட்டது. பார்த்தால் நீல பஸ், முன்னால் போன பஸ், அப்படியே பின்பக்கமாக வருகிறது. அதற்குப் பின்னால் குஸ்தி பஸ், தொடர்கதை பஸ், நட்சத்திர பஸ், நார்வே பஸ். அவருக்கு வேண்டியது ஒன்றுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கோடு ஆகையால் இருபத்தொன்பதும் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தன. நாவல்குறிச்சி ஜனங்களுக்கு ரிவர்ஸ் வருகிற வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது; பூக்காரியிலிருந்து லாரிக்காரர் வரைக்கும் ஆளுக்கொரு பஸ்ஸின் பின்னால் நின்று, "வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, ஆடு ஆடு, பாத்து, வரட்டும், ஆங், போதும்!" என்று தட்டித் தட்டி நிறுத்தினார்கள். இவ்வளவு நேரம் வழி மறிக்கிறார்கள் என்று ஏசிய லாரிக்காரர்களே நார்வே பஸ்ஸைத் தோளில் தாங்குகிற மாதிரி வாங்கி விட்டார்கள்.

கடைசியாக மூடுபனி வந்தது, அதற்குள்ளிருந்து பஸ் வந்தது. குடையோடு இறங்கினாள் கனி.

"எவன்டா எம் பஸ்ஸைப் பின்னால இழுத்தது?" என்று கேட்டவள், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் நின்றாள்.

"வாசி" என்றார் மாசானமுத்து.

அவள் மடித்த தாளைப் பிரித்தாள். சுற்றிலும் அத்தனை ஜனமும் கேட்க வாசித்தாள். "இதுதான் அட்டைக்கடியின் கடைசிப் பதிவு. ஆறு வருஷம் எழுதினேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கிற எண் ஒருநாளும் ஐந்தைத் தாண்டவில்லை, ஐந்தில் மூன்று நானேதான். நிறுத்தி நாலு வருஷமாகிறது, ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரும் இல்லாத வீட்டைத் திறந்துவைத்து என்ன பயன்? இன்றோடு பூட்டுகிறேன்."

தாளை மடித்தாள். ஆடுகூடச் சத்தம் போடவில்லை.

"மருந்து தராசுல ஒரு அட்டையைத் தூக்கிப் போட்டு எடை பார்த்தியே" என்றார் மாசானமுத்து. "குடிக்கதுக்கு முன்னால, குடிச்சதுக்குப் பொறவுன்னு. குடிச்சது யாரு ரத்தம்னா, உங்க தோட்டத்து மேனேஜரு ரத்தம்."

கனி நிமிர்ந்தாள்.

"காட்டெருமை ஒண்ணு மருந்தக வாசல்ல வந்து படுத்துக்கிட்டு, நீ சன்னல் வழியா மருந்து கொடுத்த. அதுக்கு 'வெளிநோயாளி'ன்னு பேரு வச்ச. ஒரு கிழவிக்கு இருமல் மருந்து கொடுத்து, அவ அதைச் செடிக்கு ஊத்தி, செடி நல்லா வளந்துச்சு. எல்லாம் மூணு மூணு தரம் வாசிச்சிருக்கேன்."

"நீயா? எப்படி? எண்ணுல ஏறவேயில்லையே!"

"ரீடர்ல வாசிச்சா அங்க கால்தடம் விழாதாம்ல. நான் வரவேயில்ல கனி. எல்லாம் இங்கேயே வந்துச்சு. உக்காந்த இடத்துல வாசிச்சுட்டு உக்காந்தே இருந்துட்டேன்."

"ஒரு வரி எழுதக்கூடாதாண்ணே? 'வாசிச்சேன்'னு ஒரு வார்த்தை?"

"கடையநல்லூர் பஸ் வந்துரும்" என்று முனகினார்.

"ஊரு உலகமெல்லாம் உங்களைப் பாக்க வந்து நிக்கணும், நீங்க மட்டும் ஒரு எட்டு நகர மாட்டீங்க" என்று லூர்தம்மாள் ஒரே போடாகப் போட, கூட்டத்தில் நார்வேக்காரர் உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள்.

மாசானமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு ரெண்டு நிமிசம் நிறுத்தியிருக்கணும்" என்றார். "நீ ஓடி வந்ததை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஊதுனேன்."

கனி குடையை மடக்கினாள். பிறகு பெஞ்சிலிருந்த தம்ளரை எடுத்துப் பார்த்தாள். "என் டீயை வேற துடைச்சே தீத்துட்ட" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "என் பஸ்ஸு கிளம்பப் போகுது. மலையில எனக்கு ஒன்பது மணிக்கு மருந்தகம் திறக்கணும். ஏறுதியா, இல்ல இங்கேயே இருந்து வழியனுப்பப் போறியா?"

"ஏறுதேன்" என்றார் மாசானமுத்து, தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று தானே திரும்பிப் பார்த்தார். "மைதீனு, ஏழு அஞ்சுக்கு அட்டைக்கடி. எழுதிக்கோ."

பிறகு பழக்கதோஷம் பாருங்கள், புறப்படுகிற பஸ்ஸை அறிவிக்காமல் போக மனசு வருமா, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் ஓடி மைக்கைப் பிடித்தார். "பயணிகள் கவனத்திற்கு. ஏழாவது பிளாட்பாரத்திலிருந்து புறப்படும் அட்டைக்கடி..." என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கையிலே மணி ஏழு ஐந்து ஆயிற்று. மைதீன் யார் பழக்கிய பிள்ளை? போன நேரம் 7.05 என்று எழுதினான், விசில் ஊதினான், பஸ் நகர்ந்தது.

மாசானமுத்து மைக்கை விட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், இருபத்தேழு வருஷம் உட்கார்ந்தே இருந்த கால்களை எடுத்துப் போட்டு ஓடினார். ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மறு கண்ணில் அதுவும் இல்லை, ஏனென்றால் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஓடுங்க அண்ணாச்சி, ஓடுங்க!" என்று ஊரே கத்தியது. குஸ்திக்காரர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். ஆனாலும் பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவே பத்தடி, பதினைந்தடி, இருபதடி.

அப்போது படிக்கட்டில் நின்ற கனி, உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி அடித்தாள், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தாள்.

"ஓல்டான்! ஓல்டான்! ஆள் வருது!"

பஸ் நின்றது. இரண்டு நிமிஷம் நின்றது. அவர் மூச்சு வாங்கி ஏறி, அவள் கையைப் பிடித்து உட்கார்ந்து, அப்புறம்தான் கிளம்பியது. மைதீன் 7.05 என்று எழுதியதை அடித்து, பக்கத்தில் 7.07 என்று திருத்தி எழுதினான். அந்தப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது, டீ வாசனையோடு.

அட்டைக்கடி மூடவில்லை. இப்போதெல்லாம் வியாழக்கிழமைதோறும் வருகிறது, ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் முதல் ஆளாக ஒருவர் ஒரு வரி எழுதுகிறார், அதில் எழுத்துப்பிழை இருக்கும், அன்பும் இருக்கும். மாசானமுத்து பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார், இரண்டு காலிலும் அட்டைக்கடியோடு, வந்ததும் டொரன்டோ பஸ்ஸுக்குக் கூரையில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

இவ்வளவுதான் சங்கதி. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏழாவது பிளாட்பாரத்துக்கு பஸ் வருகிற விஷயம் மேலிடத்துக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் பெர்மிட் கேட்பார்கள், நார்வேக்காரர் எங்கே போய் பெர்மிட் வாங்குவார்? அதனால் கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு வலித்து யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னார் என்று கேட்டால் ஏதோ ஒரு ஆடு சொல்லிற்று என்று சொல்லுங்கள். என் பேரை மட்டும் எடுக்காதீர்கள், பல்லு பத்திரம்.